கண்ணை மூடினால் மனம் ஓடுகிறதே: எங்கள் புளோக் தியானக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை ஏழரை மணிக்குச் சிலர் பாய் விரித்து உட்காருகிறோம். ஒரு வாரம் ஐந்து பேர், இன்னொரு வாரம் பதினைந்து பேர். கட்டணம் இல்லை, தீட்சை இல்லை, குருவும் இல்லை. நான் கப்பல் பட்டறையில் இரவு ஷிப்ட் பார்த்து, நாற்பத்தெட்டு வயதில் இரத்த அழுத்தம் எகிறி, வேறு வழி தெரியாமல் உட்காரத் தொடங்கியவன். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. ஐந்தாறு முறைகளைத் தொட்டுப் பார்த்து இரண்டில் நிலைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். உட்கார்ந்து எழுந்தபின் காப்பிக்கடையில் பேசிக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தியானத்தில் இத்தனை வகை சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

போய்ச் சேரும் இடம் ஒன்றா என்பதைப் பெரியவர்கள் தீர்க்கட்டும். செய்முறையில் நிச்சயம் வேறு வேறு. நான் ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன்: மனதுக்கு எதைப் பிடிக்கக் கொடுக்கிறோம்? மூச்சைக் கொடுத்தால் ஆனாபானம். ஒலியைக் கொடுத்தால் ஜபம். சுடரைக் கொடுத்தால் திராடகம். உடம்பில் எழுந்து மறையும் உணர்ச்சிகளைக் கொடுத்தால் விபாசனா. எல்லாரும் நலமாக இருக்கட்டும் என்ற நினைப்பைக் கொடுத்தால் மைத்ரி. ஒன்றையும் கொடுக்காமல், பிடிக்கத் துடிக்கிறவன் யார் என்று திருப்பிக் கேட்டால் அது ரமணர் காட்டிய விசாரம்.

பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆறாவது தாரணை, ஏழாவது தியானம், எட்டாவது சமாதி. மனதை ஓரிடத்தில் கட்டிவைப்பது தாரணை. கட்டாமலே அது எண்ணெய் ஒழுக்குப்போல் அங்கே நிற்பது தியானம். அந்தக் கணக்கில் எங்கள் கீழ்த்தளத்தில் நடப்பது முக்கால்வாசி தாரணைதான். கட்டுகிறோம், அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது, மறுபடி கட்டுகிறோம். ஆனால் "தாரணை வகுப்பு" என்று அறிவிப்பு ஒட்டினால் யார் வருவார்கள்?

முதலில் எதில் தொடங்குவது?

மூச்சில். காசு கேட்காது, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது, எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வையுங்கள். ஒரு தலையணையை மடித்துப் போட்டு, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். அப்போதுதான் முதுகு தானாக நிமிரும். இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் கூன் விழுந்துவிடும். கைகள் மடியில் கிடக்கட்டும். கண்ணை மூடலாம். தூக்கம் சொக்கினால் பாதி திறந்து தரையைப் பார்த்தபடி இருக்கலாம். இப்போது மூக்குத் துவாரத்தின் விளிம்பில், மேலுதட்டுக்கு மேலே, காற்று உரசிப் போவதைக் கவனியுங்கள். உள்ளே வருவது கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே போவது கொஞ்சம் வெதுவெதுப்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதுதான். மின்விசிறிக்கு நேரே மட்டும் உட்காராதீர்கள், அது எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். அது வருகிறபடி வரட்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், ஒன்றிலிருந்து பத்துவரை. பிறகு மறுபடி ஒன்று. எண் தவறினாலோ, பதினேழு என்று எண்ணிக்கொண்டிருப்பதைத் திடீரென்று கண்டுபிடித்தாலோ, சலித்துக்கொள்ளாமல் ஒன்றுக்கு வாருங்கள். ஜென் மடங்களில் புதியவர்களுக்குக் கொடுப்பதும் இந்த எண்ணிக்கைதான்.

முதல் நாள் நான் நான்குவரை போனேன். ஐந்துக்குப் பதிலாக, ஓய்வுக்காலச் சேமிப்பான மசேநிதியில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு வந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் ஒருமுறை பத்தைத் தொட்டேன். தொட்டதும் "ஆகா, பத்து" என்று ஒரு பெருமிதம், அதோடு எண்ணிக்கையும் போயிற்று.

சில வாரங்களில் எண்ணே தொந்தரவாகத் தோன்றும். அப்போது எண்ணை விட்டுவிட்டு மூச்சோடு மட்டும் இருங்கள்.

இது பிராணாயாமமா?

இல்லை. பிராணாயாமத்தில் மூச்சை நீங்கள் நடத்துகிறீர்கள்: இழுக்கும் அளவு, நிறுத்தும் அளவு, விடும் அளவு எல்லாம் கணக்கு. இங்கே மூச்சு நடக்கிறது, நீங்கள் பார்க்கிறீர்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் கும்பகத்தை யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

தரையில் சம்மணம் போட முடியவில்லை. முட்டி வலி.

நாற்காலியில் உட்காருங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதியட்டும், முதுகு சாய்மானத்தைத் தொடாமல் இருந்தால் நல்லது. எங்கள் குழுவில் மூத்தவருக்கு எழுபத்தொன்பது வயது. மடக்கு நாற்காலியோடு வருகிறார், எங்கள் எல்லாரையும்விட அசையாமல் இருப்பவர் அவர்தான். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது. மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளுங்கள், அது தோல்வி இல்லை. எழும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். மரத்த காலோடு எழுந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எனக்கு இது ஒத்துவராது போலிருக்கிறதே?

எல்லாரும் சொல்வது இதுதான், இரண்டாவது வாரத்தோடு நின்றுபோகிறவர்கள் சொல்லும் கடைசி வார்த்தையும் இதுதான்.

மனம் ஓடியதை நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள்? அந்தக் கணத்தில் நீங்கள் விழித்துக்கொண்டீர்கள் இல்லையா? பயிற்சி அந்த ஒரு கணம்தான். பத்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை திரும்பினால், நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் எடையைத் தூக்கி இறக்குவதை யாரும் "இறக்கிவிட்டேனே" என்று வருந்துவதில்லை. திரும்பும்போது திட்டாமல் திரும்புங்கள். கடைக்குப் போன பிள்ளை வழியில் வேடிக்கை பார்த்து நின்றால் கையைப் பிடித்துக் கூட்டி வருவீர்களே, அப்படி.

அம்மா ருத்ராட்ச மாலை கொடுத்தார். ஜபம் தியானமாகுமா?

தாராளமாக. மூச்சைப் பார்க்கச் சொன்னால் பதற்றம் கூடுகிறது என்பவர்களுக்கு நான் ஜபத்தைத்தான் சொல்வேன். ஓயாமல் உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் மனதிடம் "பேசாதே" என்றால் கேட்காது. "சரி, பேசு, இதையே பேசு" என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிடலாம்.

மாலையில் 108 மணிகள், அதோடு மேரு என்ற ஒரு பெரிய மணி. பெருவிரலும் நடுவிரலும் வைத்து உருட்டுவார்கள், சுட்டுவிரல் படாது. மேருவைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஜபத்தில் மூன்று படி உண்டு. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனதுக்குள் சொல்வது மானசம். பலர் நேரே மூன்றாவதற்குத் தாவி, இரண்டு நிமிடத்தில் மந்திரம் ஒரு பக்கம் ஓட, மனம் இன்னொரு பக்கம் வீட்டுச் சாமான் பட்டியல் போட, தாங்கள் ஜபத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் சில நாள் வாய்விட்டே சொல்லுங்கள். பிறகு முணுமுணுப்பு. அது தானாக அடங்கும்போது உள்ளே போகட்டும். "ஓம் நமசிவாய", "ஓம் சரவணபவ", உங்கள் வீட்டில் வழங்கும் எதுவானாலும் சரி. வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

மகரிஷி மகேஷ் யோகி 1950களில் பரப்பத் தொடங்கிய ஆழ்நிலைத் தியானமும் மந்திர வகைதான். 1968ல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேஷில் அவருடைய ஆசிரமத்துக்கு வந்து தங்கியதால் உலகப் புகழ் பெற்றது. ஒவ்வொருவருக்கும் தனி மந்திரம் கொடுப்பார்கள், அதை வெளியே சொல்லக்கூடாது. காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம். கற்கக் கட்டணம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் அந்தத் தியானம் செய்கிறவர்களை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார். மூச்சு மெதுவாகிறது, உடம்பு செலவழிக்கும் பிராணவாயு குறைகிறது என்று கண்டார். பிறகு "ஒன்று" என்ற சாதாரணச் சொல்லைச் சொன்னாலும் அந்தத் தளர்ச்சி வரும் என்று எழுதினார். மந்திரத்துக்குத் தனிச் சக்தி உண்டா இல்லையா என்று எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி. நான் நடுவில் உட்கார்ந்து காப்பி குடிப்பேன்.

மனவளக்கலைக்காரர்கள் சொல்லும் ஆக்கினைத் தவம் என்ன?

கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த முறை. குடும்பஸ்தர்களை மனதில் வைத்து எளிமையாக்கியது என்பதால் தமிழர்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. புருவ மத்தியில் கவனத்தை வைப்பது ஆக்கினைத் தவம். அங்கே அழுத்தம் கூடினால் தணிக்க, கவனத்தை முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்குவது சாந்தித் தவம். உச்சந்தலையில் வைப்பது துரியத் தவம். முடிவில் வீட்டாரையும் உலகத்தையும் "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்துவார்கள். இதைப் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் தீட்சையோடு கற்க வேண்டும் என்பது அவர்கள் விதி, நானும் அதையே சொல்வேன். புருவ மத்தியில் முரட்டுத்தனமாக முறைத்துக்கொண்டு தலைவலியோடு எழுந்தவர்கள் எங்களிடமே இருவர் உண்டு.

பத்து நாள் விபாசனாவுக்குப் போகலாமா? பேசவே கூடாதாமே?

பேசக்கூடாது. கைப்பேசி, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு சைகைகூடக் கூடாது. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். மாலையில் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும், இரவுச் சாப்பாடு இல்லை. கட்டணமும் இல்லை, முன்பு பயின்றவர்கள் கொடுத்த நன்கொடையில் உங்கள் செலவு நடக்கும், முடித்தபின் விரும்பினால் நீங்களும் கொடுக்கலாம்.

இதைப் பரப்பிய எஸ். என். கோயங்கா 1924ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வியாபாரி. ஒற்றைத் தலைவலி தாங்காமல் சயாஜி ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனவர். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு மட்டும். நான்காம் நாளிலிருந்து கவனத்தை உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை துளித்துளியாக நகர்த்தி, எங்கே அரிப்பு, எங்கே சூடு, எங்கே துடிப்பு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சொறியக்கூடாது, விரும்பவும் கூடாது, வெறுக்கவும் கூடாது. எல்லாம் வந்து போகிறது என்பதைத் தோலில் தெரிந்துகொள்வதுதான் பாடம். கடைசி நாள் மைத்ரி, பேச்சும் திரும்ப வரும்.

எங்களில் போனவர்கள் மலேசியாவில் குவாந்தான் பக்கம் கம்பாங்கில் இருக்கும் தம்ம மலாயா மையத்துக்குப் போனார்கள். நானும் போயிருக்கிறேன். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. பதினோராம் நாள் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் குடித்த தே தாரிக்கின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து பழகாதவர் நேரே பத்து நாளுக்குப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

வேலையிடத்தில் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைக்கிறார்கள். அதுவும் இதுதானா?

இதே குடும்பம், மத அடையாளம் கழற்றியது. ஜான் கபாட்-சின் 1979ல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது. எட்டு வாரப் பயிற்சி. ஓர் உலர்ந்த திராட்சையைப் பத்து நிமிடம் பார்த்து, முகர்ந்து, மெல்லுவதில் ஆரம்பிக்கும். சிரிப்பு வரும், செய்து பாருங்கள். படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை கவனத்தை நகர்த்துவதும் அதில் உண்டு. வேலையிடத்தில் ஒரு மணி நேரம் நடப்பது அதன் முன்னோட்டம் மட்டுமே. அதை வைத்து முழுமுறையை எடைபோட வேண்டாம்.

விளக்குச் சுடரைப் பார்ப்பது?

திராடகம். மின்விசிறியை நிறுத்தி, கண் மட்டத்தில், ஒரு கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி எண்ணெய் விளக்கை வைத்து, முடிந்தவரை இமைக்காமல் பாருங்கள். கண்ணில் நீர் கோத்தால் மூடி, உள்ளே தெரியும் சுடரின் நிழலைப் பாருங்கள். அது மறைந்ததும் திறங்கள். ஐந்து நிமிடம் போதும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவை செய்தவர்களும் தவிர்க்கவும். எனக்கு இது பிடிபடவில்லை. என் மனைவிக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் பூசையறை விளக்கு எப்படியும் எரிகிறது.

உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது. நடந்துகொண்டு செய்ய முடியுமா?

முடியும். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்திருக்கிறீர்களா? சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். தலையில் குடம், பால் சிந்தக்கூடாது. முதல் அரை மணி நேரம் வேடிக்கை பார்ப்போம். பிறகு கழுத்து, தோள், பாதம், அடுத்த அடி என்று கவனம் தானாகச் சுருங்கிவிடும். சுற்றி மேளமும் கூட்டமும் இருந்தும் உள்ளே ஒரு அமைதி வரும். எடுத்தவர்களுக்குத் தெரியும். நடைத் தியானம் என்பது அந்தக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதே நடையை நடப்பது.

பதினைந்து இருபது அடி நீளமுள்ள ஓர் இடம் போதும், வீட்டு வரவேற்பறைகூட. குதிகால் தூக்குவது, பாதம் நகர்வது, தரையில் பதிவது என்று மூன்றையும் உணர்ந்து மெதுவாக நடந்து, கோடியில் நின்று, திரும்புங்கள். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் மூச்சையும் அடியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்: உள்மூச்சுக்கு இத்தனை அடி, வெளிமூச்சுக்கு இத்தனை அடி என்று. பூங்கா இணைப்புப் பாதையில் நடந்தால் சாதாரண வேகத்திலேயே செய்யுங்கள். ஆமை வேகத்தில் நடந்து சைக்கிள்காரர்களிடம் திட்டு வாங்காதீர்கள்.

மைத்ரி தியானத்தில் பிடிக்காதவரையும் வாழ்த்த வேண்டுமாமே? நடிப்பாக இருக்காதா?

முதலில் நடிப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் வரிசை வைத்திருக்கிறார்கள். "நான் நலமாக இருக்கட்டும், பயமின்றி இருக்கட்டும்" என்று தன்னில் தொடங்கி, அடுத்து அன்பானவர், அடுத்து பிடிக்கும் பிடிக்காது என்று எதுவும் இல்லாத ஒருவர், அதன் பிறகே சங்கடமானவர், கடைசியில் எல்லா உயிரும். தமிழர்களுக்கு முதல் படியே இடறும். தன்னை வாழ்த்திக்கொள்வது சுயநலம் என்று வளர்ந்தவர்கள் நாம். அப்படிக் கூச்சமாக இருந்தால் அன்பானவரிலிருந்து தொடங்கிவிட்டுத் தன்னிடம் வரலாம்.

மூன்றாவது ஆளுக்கு நான் தேர்ந்தெடுத்தது எங்கள் புளோக்கைத் தினமும் கூட்டும் ஊழியரை. இரண்டு வாரம் மனதுக்குள் வாழ்த்தியபின்தான், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. இப்போது தெரியும். நான்காவது ஆள் இரவு பதினொரு மணிக்குக் கோலிக்குண்டு உருட்டும் மேல்வீடு. எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரரைக் கேட்டாலும் இந்தக் கோலிக்குண்டுச் சத்தத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார். மேல்வீட்டார் கோலி விளையாடுவதில்லை, குழாய்ச் சத்தம்தான் என்கிறார்கள். எதுவானாலும் அந்த வாழ்த்து இன்னும் எனக்கு முழுதாக வரவில்லை.

ரமணரின் "நான் யார்" விசாரத்தை எப்படிச் செய்வது? மந்திரம்போலச் சொல்வதா?

சொல்வதில்லை. ஓர் எண்ணம் எழும்போது அதன் பின்னால் போகாமல், இது யாருக்கு எழுந்தது என்று பார்ப்பது. "எனக்கு" என்று வரும். அந்த நான் யார்? பதிலைச் சொல்லாகத் தேடாமல், அந்த "நான்" என்ற உணர்வு எழும் இடத்திலேயே நிற்பது. எழுத எளிது. மூச்சில் சில காலம் நின்றவர்களுக்கு இது எட்டும் என்பது என் அனுபவம். புதியவர்களுக்கு இது பெரும்பாலும் யோசனையாகப் போய்விடுகிறது.

நான் முஸ்லிம். என் தோழி கிறிஸ்தவர். நாங்கள் வரலாமா?

வருகிறார்கள். கடையநல்லூர் வழிவந்த அக்கா ஒருவர் எங்களோடு மூச்சு எண்ணுகிறார். மந்திரம், விளக்கு எதுவும் ஞாயிற்றுக்கிழமை அமர்வில் கிடையாது. உங்கள் மரபிலேயே இதற்கு இணையானவை இருக்கின்றன. 33 அல்லது 99 மணி தஸ்பீஹ் உருட்டிச் செய்யும் திக்ரு, ஜெபமாலையில் பத்துப் பத்தாகச் சொல்லும் செபம். எது சரி, எது கூடாது என்ற ஐயம் இருந்தால் உங்கள் இமாமையோ பாதிரியாரையோ கேளுங்கள். அதை நான் சொல்வது முறையாகாது.

பிரம்ம முகூர்த்தத்தில்தான் உட்கார வேண்டுமா? நாலரை மணிக்கு எழ முடியவில்லை.

நாலரை மணி தமிழ்நாட்டுக் கணக்கு. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் முன்னால் முடிவது. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பூமியில் நாம் இருக்கும் இடத்துக்கு ஏற்ற நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் நம் கடிகாரத்தை ஓட்டுகிறோம். 1982 முதல் இப்படித்தான். ஆக இங்கே அது காலை ஐந்தரை சுமாருக்குத் தொடங்கி ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் நாலரை என்றால், இந்தக் கணக்கைப் பணிவோடு சொல்லிப் பாருங்கள்.

நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஏற்கெனவே இருக்கும் ஒரு வழக்கத்தோடு ஒட்டிவிடுவது. பல் துலக்கியதும், குளித்ததும், ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றியதும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

அண்ணே, நான் துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கேன். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். எங்கே உட்காருவது?

தம்பி, அமைதியான இடம் கிடைத்தபின் தொடங்கலாம் என்றால் இந்த ஊரில் யாரும் தொடங்க முடியாது. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்காருங்கள். ஜென் துறவிகளில் ஒரு பிரிவினர் சுவரைப் பார்த்தே உட்காருவார்கள். சத்தத்தையே பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று போகாமல், வெறும் ஒலியாக: தொடங்குகிறது, இருக்கிறது, ஓய்கிறது. வேலைக்கு ஏற்றிப்போகும் லாரியிலும் இதைச் செய்யலாம். எங்கள் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே குயில் கத்தத் தொடங்கும். கவிஞர்கள் கொண்டாடிய குயில்தான், ஐந்து மணிக்கு ஜன்னலோரம் கத்தினால் தெரியும். அதை வைத்துத்தான் நான் ஒலித் தியானம் பழகினேன்.

மகள் தொடக்கநிலை ஆறு. தேர்வுப் பதற்றத்துக்கு உட்காரவைக்கலாமா?

துணைப்பாடத்துக்கு மேல் இன்னொரு துணைப்பாடமாக ஆக்கிவிடாதீர்கள். மூன்று நிமிடம். படுக்கச் சொல்லி, வயிற்றில் ஒரு பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் படுத்துச் செய்யுங்கள். மதிப்பெண் கூடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

தூக்கம் வர எது உதவும்?

படுத்தபடி உடம்பு முழுவதும் கவனத்தை நகர்த்துவது, அல்லது ஒலிப்பதிவு கேட்டுச் செய்யும் யோக நித்திரை. இன்னொன்று: நான்கு எண்ணும் அளவு உள்ளே, ஆறு எண்ணும் அளவு வெளியே. நொடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று வேகமாகவும் வெளியே வரும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும்; வெளிமூச்சு நீளும்போது உடம்பு தணிகிறது. தியான நேரத்திலேயே தினமும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், உங்களுக்கு இப்போது தேவை தூக்கம். போய்த் தூங்குங்கள்.

கண்ணை மூடினால் நீல ஒளி தெரிகிறது. குண்டலினியா?

கண்ணை மூடினால் பலருக்கும் நிறமும் ஒளியும் தெரியும். பாருங்கள், மூச்சுக்குத் திரும்புங்கள்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. நான் இன்னும் சாப்பிடுகிறேன். அளவைக் குறைத்தது பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவர், பல மாத அளவீடுகளைப் பார்த்தபின். அதில் தியானத்தின் பங்கு எவ்வளவு, உப்பைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு, இரவு ஷிப்ட் நின்றதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

தியானத்தால் கெடுதல் வருமா?

சிலருக்கு வரும். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. மூச்சைக் கவனிக்கும்போதே நெஞ்சு படபடப்பவர்கள் உண்டு. அடக்கிவைத்த பழைய துயரம் மேலே வரலாம். நீண்ட முகாம்களில் தூக்கம் கெட்டு, நிதானம் தவறியவர்களும் உண்டு. இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்றவை உங்களுக்கோ நெருங்கிய உறவுக்கோ இருந்திருந்தால் நீண்ட முகாம்களுக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். உட்காரும்போது பயம் கூடினால் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதில் ஒரு வீரமும் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அது உட்கார்ந்து தீர்க்க வேண்டியது இல்லை. சிங்கப்பூரில் உதவிக்கு 1767 அல்லது 1771 எண்ணை அழையுங்கள், இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

செயலி பயன்படுத்தலாமா?

தொடக்கத்தில் சரி. ஆனால் எத்தனை நாள் தொடர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று அது பட்டாசு வெடித்துக் காட்டும்போது மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வெறும் மணி போதும்.

ஞாயிற்றுக்கிழமை வர என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு பாய், மடித்துப் போடத் துண்டு, கொசு மருந்து. டெங்கிக் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. அதைச் சமநிலையோடு பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன், அடியுங்கள். ஏழரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்போம். பிறகு எதிரே காப்பிக்கடை. மழை பெய்தாலும் உண்டு. கீழ்த்தளத்தில் மலாய்க்காரர் கல்யாணமோ சீனர் துக்க வீடோ நடந்தால் அன்று அடுத்த புளோக்கில் இருப்போம்.